வட்டைக் காணாத கணிப்பொறி

கணிப்பொறியை உபயோகிப்போர் அஞ்சும் செய்திகளுள் தலையாயது, 'வட்டு காணப்படவில்லை' என்பதாகும். திரையில் இச்செய்தி தோன்றிய மாத்திரத்தில், எழுதி வைத்தவை யாவும் அழிந்தொழிந்தன என்று மனம் கலங்குவது இயல்பே. ஆயினும் அவ்வாறு கலங்குவோர் பலருடைய வட்டுகளில் ஓரெழுத்தும் குறையாமல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வட்டு கெடவில்லை, வட்டுக்கும் கணிப்பொறிக்கும் இடையே நின்று பேச வேண்டியவர் பேசவில்லை. அவ்வளவே. அந்த இடையாளர் யார், அவரைத் தேடிக் கண்டு பணியில் அமர்த்துவது எங்ஙனம் என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் நம் அனுபவம் ஒன்றைக் கூறிவிடுவது நலம். திருவனந்தபுரத்தில் நாம் பணிபுரியும் மொழிபெயர்ப்புப் பிரிவில் பழைய கணிப்பொறி ஒன்று உண்டு. அரசாங்கக் கடிதங்களில் வழங்கும் சொற்களுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் நேரான சொற்களை ஒன்பது ஆண்டுகளாகத் திரட்டி, அதில் ஓர் அகராதியாகத் தொகுத்து வைத்திருந்தோம். ஓண விடுமுறையின்போது அலுவலகத்தின் மின்சாரம் முழுதும் நிறுத்தப்பட்டிருந்தது. விடுமுறை கழிந்து கணிப்பொறியை இயக்கியபோது, நீலத்திரை ஒன்று தோன்றி, மறைந்து, மீண்டும் தோன்றிற்று. பழுது பார்க்க வந்தவர் ஐந்து நிமிடம் ஆராய்ந்துவிட்டு, "வட்டு போய்விட்டது, அழித்துவிட்டுப் புதிதாக எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம்" என்றார். அகராதிக்கு வேறு பிரதி இல்லை. ஒன்பது ஆண்டு உழைப்பு ஒரு பொத்தானை அழுத்துவதில் தொங்கி நின்றது. அப்பொத்தானை அழுத்தாமல் தடுத்தது யாது என்பதை இறுதியில் கூறுவோம். அதை விளங்கிக்கொள்ள, முன்னர்ச் சில செய்திகளை அறிதல் வேண்டும்.

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் உள்ள மத்திய ஆவணக் காப்பகத்தில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்று 2022-ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்டது. திருவிதாங்கூரின் பழைய ஓலைகள் அங்கே இருக்கின்றன. வட்டெழுத்திலும், கோலெழுத்திலும், மலையாண்மையிலும், தமிழிலும் அவை எழுதப்பட்டவை. நாமோ நீங்களோ அங்கு சென்று ஓர் ஓலையைக் கையில் எடுத்தால், கீறல்களைக் காண்போமேயன்றிப் பொருளைக் காணோம். ஓலையில் குறையில்லை. அவ்வெழுத்தை அறிந்தவர் ஒருவர் அருகில் வந்து நின்றால், அதே ஓலை நிலத்தின் எல்லையையும் நெல்லின் அளவையும் நம்மிடம் கூறத் தொடங்கும். கணிப்பொறியின் வட்டு அவ்வோலைக்கட்டு. அதன் எழுத்தை அறிந்து படித்துக் கூறும் ஆளே 'டிரைவர்' என்று வழங்கும் சிறு மென்பொருள்.

இன்னும் சற்றுத் தெளிவாகக் கூறுவோம். வட்டானது கணிப்பொறியின் மூளையாகிய செயலியோடு நேராகப் பேசுவதில்லை. இரண்டிற்கும் நடுவே, சேமிப்புக் கன்ட்ரோலர் என்னும் மின்னணுப் பகுதி ஒன்று இருக்கிறது. இதனைப் பண்டகசாலையின் வாயிலில் அமர்ந்திருக்கும் கணக்கர் எனலாம். இன்ன அறையில் உள்ளதை எடுத்து வா, இதனை இன்ன அறையில் வை என்று கணிப்பொறி கட்டளையிட, அக்கட்டளையை ஏற்று நிறைவேற்றுபவர் அவரே. ஆனால் இக்கணக்கர்கள் எல்லோரும் ஒரே மொழி பேசுவோர் அல்லர். ஒவ்வொரு தயாரிப்பாளரும், ஒவ்வொரு காலத்திலும், வெவ்வேறு வகையில் அவர்களைப் படைத்திருக்கின்றனர். ஆதலின் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்குதளம் எதுவாயினும், அந்தந்தக் கணக்கரின் மொழியை அறிந்த ஒரு துபாஷியைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அத்துபாஷியே சேமிப்புக் கன்ட்ரோலருக்குரிய டிரைவர்.

அச்சுப்பொறிக்கும் ஒலிபெருக்கிக்கும் டிரைவர்கள் உண்டு. அவை இல்லையேல் அச்சு வராது, ஓசை எழாது. பிறகு நிதானமாகத் தேடி அமைத்துக்கொள்ளலாம். சேமிப்புக் கன்ட்ரோலரின் நிலை வேறு. இயக்குதளமே வட்டில்தான் இருக்கிறது. வட்டைப் படிக்க டிரைவர் வேண்டும். டிரைவரோ வட்டினுள்ளே இருக்கிறது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதை இது ஒக்கும். இச்சிக்கலைத் தீர்ப்பதற்காகவே, கணிப்பொறி விழித்தெழும் முதற்கணத்திலேயே, தாய்ப்பலகையில் நிலையாகப் பதிந்துள்ள பயாஸ் என்னும் தொடக்க நிரல், தனக்குத் தெரிந்த எளிய முறையில் வட்டைத் தொட்டு, இயக்குதளத்தின் கருவையும் அதற்கு இன்றியமையாத சில டிரைவர்களையும் நினைவகத்தில் ஏற்றித் தருகிறது. அதன்பின் இயக்குதளம் தானே பொறுப்பேற்கும். அவ்வாறு ஏற்றப்பட்ட டிரைவர்களுள் சரியானது இல்லையெனில், பொறுப்பேற்ற கணமே இயக்குதளம் தான் நின்ற தரையைத் தானே காணாமல் தடுமாறி நின்றுவிடும். விண்டோஸில் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்னும் சொற்களோடு தோன்றும் நீலத்திரை பெரும்பாலும் இத்தடுமாற்றத்தையே குறிக்கிறது.

இக்கணக்கர்களின் மொழிகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. 1980-களின் பிற்பகுதியிலிருந்து ஐடிஇ என்னும் முறை பரவியிருந்தது. அகன்ற பட்டை போன்ற கம்பிகளைப் பழைய கணிப்பொறிகளில் கண்டவர்கள் அம்முறையைக் கண்டவர்களே. 2003-ஆம் ஆண்டில் மெல்லிய கம்பிகளையுடைய சாட்டா முறை வெளிவந்தது. 2004-இல் இன்டெல் நிறுவனத்தார் ஏஹெச்சிஐ என்னும் பொதுவான பேச்சுமுறையை வகுத்தனர். அதனால், சாட்டா வட்டுகளோடு பேசத் தனித்தனி மொழிகள் பயில வேண்டிய தேவை குறைந்தது. பின்னர், சுழலும் தட்டுகள் இல்லாத, சில்லுகளிலேயே செய்திகளைக் காக்கும் சாலிட் ஸ்டேட் வட்டுகள் வந்தபோது, அவற்றின் வேகத்திற்கு ஏஹெச்சிஐ ஈடுகொடுக்கவில்லை. ஆதலின் 2011-ஆம் ஆண்டில் என்விஎம்இ என்னும் புதுமுறை வகுக்கப்பட்டது. ஏஹெச்சிஐ முறையில் ஒரு வாயிலுக்கு ஒரே வரிசை. அவ்வரிசையில் 32 கட்டளைகள் நிற்கலாம். என்விஎம்இ முறையிலோ அறுபத்தையாயிரம் வரையிலான வரிசைகளுக்கு இடம் உண்டு. தம்பானூர் இரயில் நிலையத்தில் ஒரே பயணச்சீட்டுச் சாளரத்தின் முன் நிற்பதற்கும், ஆளுக்கொரு சாளரம் இருப்பதற்கும் உள்ள வேற்றுமையை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

புதுமொழி தோன்றும்போதெல்லாம் பழைய இயக்குதளங்கள் இடர்ப்பட்டன. விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் வெளிவந்தது; ஏஹெச்சிஐயோ அதற்குப் பின் பிறந்தது. ஆகவே புதிய கணிப்பொறியில் எக்ஸ்பியை நிறுவ முற்பட்டோர், தொடக்கத்தில் எஃப்6 என்னும் விசையை அழுத்தி, டிரைவரை ஒரு நெகிழ்தட்டிலிருந்து ஊட்ட வேண்டியிருந்தது. அக்காலத்திலோ நெகிழ்தட்டுச் செருகும் வாயே கணிப்பொறிகளிலிருந்து மறைந்துகொண்டிருந்தது! விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு ஏஹெச்சிஐக்குரிய டிரைவர் உடன் வந்தது. யூஎஸ்பி வழியாக டிரைவரை ஊட்டவும் வழி பிறந்தது. இவ்வாறே விண்டோஸ் 7 வெளிவந்தபோது அது என்விஎம்இயை அறியாது, விண்டோஸ் 8.1 அறியும். இன்றும் இவ்விடர் தீர்ந்துவிடவில்லை. 2020-ஆம் ஆண்டில் வந்த பதினோராம் தலைமுறை முதலாக, இன்டெல் செயலி கொண்ட பல மடிக்கணினிகளில் விஎம்டி என்னும் அமைப்பு இயங்குநிலையில் வைக்கப்பட்டு வருகிறது. அவற்றில் விண்டோஸைப் புதிதாக நிறுவ முற்படின், வட்டுகளின் பட்டியல் வெறுமையாகத் தோன்றுவதுண்டு. வட்டு உள்ளேயே இருக்கிறது. விஎம்டியின் மொழியை அறிந்த துபாஷி நிறுவல் தொகுப்பில் இல்லை என்பதே காரணம். விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தமையால், வீடுகளிலும் அலுவலகங்களிலும் புது இயக்குதளம் ஏற்றும் வேலை மிகுந்துள்ளது. ஆதலின் இச்செய்தி இப்போது பலருக்கும் உதவக்கூடும்.

டிரைவர் யாருக்கு உரியது என்னும் வினாவிற்கும் நாம் வாழும் இந்நகருக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஏறத்தாழ 1980-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் பணிபுரிந்த ஆய்வுக்கூடத்திற்குப் புதிய அச்சுப்பொறி ஒன்று வந்தது. காகிதம் சிக்கிக்கொண்டால் அதனை உடனே உரியவருக்கு அறிவிக்குமாறு அதன் மென்பொருளைத் திருத்த அவர் விரும்பினார். முந்தைய அச்சுப்பொறிக்கு அவ்வாறு செய்ததும் உண்டு. புதிய பொறியின் மூலநிரலோ அவருக்குக் கிடைக்கவில்லை. அதனை வைத்திருந்த ஒருவர், வெளியிடுவதில்லை என்று வாக்களித்திருப்பதாகக் கூறி மறுத்துவிட்டார். அம்மறுப்பு அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. 1983-இல் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார். 1985-இல் கட்டற்ற மென்பொருள் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அதன் இந்தியச் சகோதர அமைப்பை 2001 ஜூலை 20-ஆம் நாள் அவரே வந்து தொடங்கி வைத்த நகரம் திருவனந்தபுரம்.

குனூவோடு இணைந்து இயங்கும் லினக்ஸ் கருவின் தொடக்கமும் வட்டைப் பற்றியதே. 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி நகரத்து மாணவர் லினஸ் டொர்வால்ட்ஸ் தம் முயற்சியை உலகிற்கு அறிவித்தபோது, தம்மிடம் உள்ள ஏடி வகை வட்டைத் தவிர வேறெதனையும் அது என்றும் ஏற்காது போலும் என்று அடக்கத்துடன் எழுதினார். அவரிடம் இருந்த வட்டு அது ஒன்றே. ஆகவே அவர் எழுதிய டிரைவரும் அது ஒன்றே. பின்னர் உலகெங்கணும் உள்ளோர் தத்தம் கன்ட்ரோலர்களுக்கு உரிய டிரைவர்களை எழுதி அக்கருவிலேயே சேர்த்தனர். இன்று ஐடிஇ, ஏஹெச்சிஐ, என்விஎம்இ, விஎம்டி ஆகிய யாவற்றிற்கும் உரிய துபாஷிகள் லினக்ஸோடு உடன் வருகின்றனர்.

இதன் பயனைக் கேரளத்துப் பள்ளிகளில் காணலாம். 2001-ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017-இல் அது 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. அதன் தலைமையகம் இந்நகரின் பூஜப்புரையில் இருக்கிறது. உபுண்டு லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயக்குதளம் ஒன்றை அந்நிறுவனத்தார் பள்ளிகளுக்கென ஆக்கி வழங்குகின்றனர். 2019-ஆம் ஆண்டில் வந்த பதிப்பு, இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட பள்ளிக் கணிப்பொறிகளுக்கென வெளியிடப்பட்டது. அப்பொறிகள் ஒரே நாளில் வாங்கப்பட்டவை அல்ல; ஒரே தயாரிப்பாளருடையனவும் அல்ல. ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே டிரைவர் தேட வேண்டுமாயின், மலையோரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் என் செய்வார்? டிரைவர்கள் கருவிலேயே அடங்கியிருப்பதால், ஒரே நிறுவல் தொகுப்பு பல்வேறு பொறிகளுக்கும் பயன்படுகிறது. செலவு குறைவது ஒரு நன்மை. ஆசிரியரின் கை கட்டப்படாமல் இருப்பது அதனினும் பெரிய நன்மை எனக் கருதுகிறோம்.

இனி, விண்டோஸ் உபயோகிப்போர் தமக்குரிய டிரைவரைக் கண்டறியும் முறையைக் கூறுவோம்.

முதலாவது, வட்டு உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய வேண்டும். கணிப்பொறியை இயக்கியவுடன் எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தினால், பெரும்பாலான பொறிகளில் பயாஸ் திரை தோன்றும். அதில் வட்டின் பெயர் காணப்படுமாயின் வட்டு பேசுகிறது என்று பொருள். குறை டிரைவரிலோ அமைப்பிலோ இருக்கலாம். பெயரே காணப்படாவிடில் கம்பி தளர்ந்துள்ளதா என்று பார்க்கலாம். சுழலும் வட்டு 'டிக் டிக்' என்று ஓயாமல் ஒலிக்குமாயின், அது டிரைவர் குறையன்று. உடனே மின்சாரத்தை நிறுத்தி, வட்டிலிருந்து செய்திகளை மீட்பதில் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே முறை.

இரண்டாவது, அதே பயாஸ் திரையில் சாட்டா மோடு அல்லது ஸ்டோரேஜ் என்னும் தலைப்பின்கீழ், ஐடிஇ, ஏஹெச்சிஐ, ரெய்டு, விஎம்டி என்பவற்றுள் எது குறிக்கப்பட்டுள்ளது என்பதைப் பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கணிப்பொறி நன்றாக இயங்கும்போதே எழுதி வைப்பது மிகவும் நன்று.

மூன்றாவது, கன்ட்ரோலர் இன்னது என்று அறிதல். விண்டோஸ் இயங்குமாயின், டிவைஸ் மானேஜர் என்னும் பகுதியில் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்கள் என்ற தலைப்பும், ஏஹெச்சிஐ கன்ட்ரோலர்கள் அடங்கும் ஐடிஇ ஏடிஏ என்ற தலைப்பும் உண்டு. உரியதைத் தேர்ந்து அதன் விவரங்களைத் திறந்தால், ஹார்டுவேர் ஐடி என்னும் எண் காணப்படும். அதில் நான்கு இலக்கத் தயாரிப்பாளர் எண் ஒன்றும், நான்கு இலக்கப் பொருள் எண் ஒன்றும் அடங்கியிருக்கும். தயாரிப்பாளர் எண் 8086 ஆயின் அது இன்டெலுடையது. 1978-இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் அதுவே. 1022 ஆயின் ஏஎம்டியுடையது. லினக்ஸில் எல்எஸ்பிசிஐ என்னும் கட்டளை இவ்விவரங்களைத் தரும். பெட்டியின் மேல் எழுதியுள்ள கவர்ச்சியான பெயரை நம்புவதைக் காட்டிலும் இவ்வெண்ணை நம்புவது பாதுகாப்பானது.

நான்காவது, டிரைவரைப் பெறும் இடம். விண்டோஸின் சொந்தப் புதுப்பிப்பு முறை பெரும்பாலும் போதுமானது. அது போதாதாயின், கணிப்பொறியைச் செய்த நிறுவனத்தின் தளத்தில், பொறியின் அடியில் ஒட்டியுள்ள மாதிரி எண்ணைக் கொண்டு தேட வேண்டும். அதன்பின்னரே கன்ட்ரோலரைச் செய்தவரின் தளத்தை நாடலாம். இயக்குதளத்தின் பதிப்பும், அது 32 பிட்டா 64 பிட்டா என்பதும் பொருந்த வேண்டும். 'எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் தருகிறோம்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நாடாதிருப்பதே நலம். வேண்டாதவற்றை உடன் ஏற்றுவனவும், பொருந்தாததைப் பொருத்திக் கணிப்பொறியை எழவொட்டாமல் செய்வனவும் அவற்றுள் உண்டு. எல்லாம் சரியாக இயங்கும் கணிப்பொறியில் சேமிப்பு டிரைவரை மாற்றவே வேண்டியதில்லை.

ஐந்தாவது, நிறுவும் முறை. புதிதாக விண்டோஸ் நிறுவும்போது வட்டு தோன்றாவிடில், வேறொரு கணிப்பொறியில் டிரைவரைப் பெற்று, சுருக்கப்பட்ட கோப்பாயின் அதனை விரித்து, யூஎஸ்பியில் பதித்துக்கொள்க. ஐஎன்எஃப் என்று முடியும் கோப்பு அதில் இருத்தல் வேண்டும். நிறுவல் திரையில் 'லோடு டிரைவர்' என்பதைத் தேர்ந்து அக்கோப்பைக் காட்டினால் வட்டு தோன்றும். லினக்ஸ் நிறுவுவோர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: சில மடிக்கணினிகளில் இன்டெலின் ஆர்எஸ்டி என்னும் ரெய்டு அமைப்பு, என்விஎம்இ வட்டை லினக்ஸின் கண்ணுக்கு மறைத்துவிடும். அப்போது ஏஹெச்சிஐக்கு மாற்ற நேரும்.

அங்ஙனம் மாற்றும்போதுதான் கவனம் வேண்டும். விண்டோஸ் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும் பொறியில் இவ்வமைப்பைத் திடீரென மாற்றினால் நீலத்திரை தோன்றும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில், முதலில் அடுத்த தொடக்கம் சேஃப் மோடில் அமையுமாறு குறித்து, பின் பயாஸில் மாற்றத்தைச் செய்து, சேஃப் மோடில் ஒருமுறை இயக்கினால், தேவையான டிரைவரை விண்டோஸ் தானே எழுப்பிக்கொள்ளும். அதன்பின் அக்குறிப்பை நீக்கிவிடலாம். பிட்லாக்கர் என்னும் பூட்டு இடப்பட்டுள்ள பொறியாயின், பயாஸைத் தொடுமுன் அதன் மீட்புத் திறவெண் கைவசம் இருத்தல் இன்றியமையாதது. அதில்லாமல் மாற்றம் செய்து, தம் வட்டுக்கு வெளியே தாமே நிற்க நேர்ந்தவர் உண்டு.

இவை யாவற்றிற்கும் முதன்மையான விதி ஒன்றே: காரணம் தெரியுமுன் அழிக்காதே. 'இனிஷியலைஸ்' என்றும் 'ஃபார்மேட்' என்றும் திரை வினவுமாயின், வட்டில் வேண்டிய செய்தி இருக்கும்வரை 'வேண்டாம்' என்றே விடையளித்தல் வேண்டும்.

நம் அலுவலகக் கணிப்பொறிக்குத் திரும்புவோம். பழுது பார்ப்பவர் அழிப்பதற்கு ஆயத்தமானபோது, புதிதாகப் பணியில் சேர்ந்த தம்பி ஒருவர் திரையின் ஒரு மூலையைச் சுட்டி, "சார், தேதி பல வருடம் பின்னால் இருக்கிறதே" என்றார். அச்சிறு சொல்லே அகராதியைக் காத்தது. பயாஸின் நேரத்தையும் அமைப்புகளையும் காப்பது, தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற சிறு மின்கலம். சுவரிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருந்தவரை அதன் தளர்ச்சி வெளிப்படவில்லை. பத்து நாள் மின்சாரம் நின்றதும் அது முற்றும் ஓய்ந்தது, தேதி பின்சென்றது, அமைப்புகளும் தயாரிப்பாளர் இட்ட பழைய நிலைக்கே திரும்பின. விண்டோஸ் நிறுவப்பட்டதோ ஏஹெச்சிஐயில். பயாஸ் திரும்பியதோ ஐடிஇக்கு. துபாஷி ஒரு மொழி பேச, கணக்கர் வேறொரு மொழி பேசினார். புது மின்கலம் இட்டு, தேதியைத் திருத்தி, அமைப்பை ஏஹெச்சிஐக்கு மாற்றியதும் கணிப்பொறி ஒன்றும் நடவாதது போல எழுந்து நின்றது. அகராதியில் ஒரு சொல்லும் குறையவில்லை.

பழுது பார்க்க வந்தவரை நாம் குறை கூறவில்லை. நாள்தோறும் பல வட்டுகள் உண்மையாகவே கெடக் காண்பவர் அவர். அவசரமும் அவருக்கு உண்டு. ஒன்பது ஆண்டு உழைப்புக்கு ஒரே ஒரு பிரதி வைத்திருந்த பிழை நம்முடையது. அன்று மாலையே அகராதியை வேறு இரண்டு இடங்களில் பிரதி செய்து வைத்தோம். கணிப்பொறியின் பக்கவாட்டில், சாட்டா அமைப்பு ஏஹெச்சிஐ என்று ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டியும் வைத்தோம். அத்தாள் இன்றும் அங்கே இருக்கிறது. நேயர்களும் தத்தம் கணிப்பொறி நலமாக இருக்கும் இந்நாளிலேயே அவ்வாறு ஒரு தாள் எழுதி ஒட்டி, வேண்டியவற்றிற்கு ஒரு பிரதியும் எடுத்து வைப்பாராயின், இவ்விளக்கம் தன் பயனை அடைந்ததாகும்.